இரத்மலானையிலிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம்?

மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை உறவுகளே,

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பாதைக்கு மட்டும் அந்தக் கணக்கு சரிவரவில்லை.

இரத்மலானை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் ஆகாய வழியில் சுமார் 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னைக்கு இன்னும் 350. பலாலி ஏறத்தாழ நடுவில் இருக்கிறது.

1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இந்த வழியாகத்தான் போனது. இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, சென்னைக்கு. ‘சீதா தேவி’ என்ற டகோட்டா. அந்த வகை விமானம் மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறக்கும். பலாலிக்கு ஒன்றேகால் மணித்தியாலம், சென்னைக்கு இரண்டரை என்று பிள்ளைகளே கணக்குப் போடலாம்.

பிளேனுக்குக் காசில்லாதவர்களுக்கு ரயில் இருந்தது. 1956 முதல் யாழ்தேவி நம் மருதானையைத் தாண்டித்தான் ஓடியது. காலையில் வெளிக்கிட்டால் பொழுதுபடமுன் யாழ்ப்பாணம்.

பிறகு தூரம் மாறவில்லை, நேரம் மாறியது.

1983 ஜூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தன. நம் அயலில் இருந்த தமிழர்கள் பலர் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி காங்கேசன்துறைக்குப் போனார்கள்.

1990இல் வடக்கு ரயில் நின்றது. அந்த வருடம் ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். டகோட்டா சென்னைக்குப் போகும் நேரம்கூட இல்லை. அதற்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு வந்தார்கள். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் குடிசை போட்டார்கள், சிலர் நம் தெருக்களுக்கு வந்தார்கள்.

ஆகாய வழியும் காப்பாற்றவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்த லயன் எயார் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மரணித்தார்கள்.

யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். ஒரு நாளில் முடிகிற பயணத்துக்கு 24 வருடங்கள். 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவால் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்ப வந்தது.

இப்போது பிளேனும் ரயிலும் ஓடுகின்றன. ஆனாலும் வெளியேறிய எல்லோரும் திரும்பிப் போய்விடவில்லை. போனவர்கள் பலருக்கு வீட்டின் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூத்தம்மாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பயணம் எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். 1983இல் கப்பலேறிய தமிழ் அயலவரிடமும் அதையே கேளுங்கள். இரண்டும் ஒரே கொப்பியில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.