ஆள்பிடிப்பும் தலைக்காசும்: கோலசிலாங்கூர் தோட்டங்களின் பழைய போட்டி

மலாயாவின் கோலசிலாங்கூரில் ரப்பர் பரவிய தொடக்க ஆண்டுகளில் தோட்டங்கள் முட்டிக்கொண்டது ஆளுக்காகத்தான். காட்டை அழித்துக் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டு ஆகும். வெட்டத் தொடங்கிவிட்டால் நாள்தோறும் ஆள் வேண்டும். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்சைத் தொட்டபோது, வெட்டாமல் விட்ட மரமெல்லாம் நட்டக்கணக்கில் சேர்ந்தது.

ஆளைக் கொண்டுவந்தவர் காங்காணி. தோட்டத்தில் வேலை பார்த்தவரே, தோட்டத்தை நடத்திய துரை கொடுத்த முன்பணத்தோடு சொந்த ஊருக்குப் போய், உறவும் சாதிசனமும் பார்த்துச் சேர்த்து, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றுவார். வந்தவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு, பெரும்பாலும் 2 காசு. தன் ஆட்கள் லயத்தைவிட்டுப் போகாமல் பார்ப்பதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது.

இதில் ஒரு பெரிய ஓட்டை. ஒப்பந்தத்தில் கட்டுப்படாத தொழிலாளி ஒரு மாதத் தவணை சொல்லிவிட்டு விலகலாம். கப்பல்செலவு செய்தது ஒரு தோட்டம். கூடுதல் முன்பணம் காட்டி ஆளை இழுத்துக்கொண்டது பக்கத்துத் தோட்டம். இழந்த துரையும் முன்பணத்தை ஏற்றினார். இப்படி முன்பணம் ஏறியதால் மலாயாவுக்குப் புதிதாக ஒரு ஆள்கூட வரவில்லை. இருந்தவர்களே இடம் மாறினார்கள். ஏறிய பணமும் பால் வெட்டியவர் கைக்குப் போனதைவிடக் காங்காணி மடிக்குப் போனதே அதிகம்.

1907இன் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. தமிழ்த் தொழிலாளர் வேலை செய்த நாட்களை எண்ணி, எல்லாத் தோட்டங்களும் பொது நிதிக்குப் பணம் கட்டவேண்டும். கப்பல்செலவும் வருவோரைத் தங்கவைக்கும் முகாம்செலவும் அதிலிருந்து போகும். ஊருக்கு ஆள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் கட்டணம் உண்டு என்றானபின், இழுப்பவருக்கு இருந்த இலவச லாபம் சுருங்கியது. ஆனால் இழுப்பு அடியோடு ஒழியவில்லை.

ஊரில் ஆள் சேர்க்கக் காங்காணிக்கு வேண்டிய உரிமச்சீட்டு இன்ன தோட்டத்துக்கு என்றே கொடுக்கப்பட்டது. அதனால் ஊரில் தோட்டத்தின் பெயருக்கே ஒரு மதிப்பு வந்தது: அங்கே காய்ச்சல் எப்படி, தண்ணீர் எப்படி, துரை எப்படி? 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்தது மருத்துவச் செய்தி மட்டுமல்ல. ஆள் சேர்ப்பவருக்கும் அதில் சொல்ல ஒரு சேதி இருந்தது. துரை எப்படி என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 1905இல் மலாயா வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆங்ரி ஃபோகோனியே தமிழே கற்றுக்கொண்டார். 

1930இல் ரப்பர் விலை சரிந்ததும் ஆள்சேர்ப்பு நின்றது. ஆளுக்காக அடித்துக்கொண்ட தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. பிறகு ஓரளவு மீண்டாலும், 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. காங்காணியின் உரிமச்சீட்டுக்கு அதோடு வேலை இல்லாமல் போனது.