சாவி காத்த ஒளியும் காட்டிக்கொடுத்த கருவியும்

1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெங்களூரில் கூடிய ஒரு சர்வதேச மகாநாட்டுக்கு, அமெரிக்கரான சார்லஸ் பென்னட்டும் கனடா தேசத்தவரான ழில் பிராஸார்டும் சமர்ப்பித்த சிறு கட்டுரை, செய்திகளை மறைத்தெழுதவும் மீட்டுப் படிக்கவும் இருவர் தமக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய ரகசியச் சாவியை ஒற்றை ஒளித்துகள்களின் மூலம் அனுப்பிவிடலாம் என்றும், இடைவழியில் ஒருவன் அதை அறிய முற்பட்டால் துகளின் நிலையே குலைந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் கூறிற்று. ஸ்டீபன் வீஸ்னர் 1970-ஐ ஒட்டி எழுதிவைத்து, 1983 வரை அச்சேறாதிருந்த ஒரு சிந்தனையே இதற்கு வித்து.

இயற்கையின் நியதியையே காவலுக்கு நிறுத்திய இந்த யோசனையின் அழகில் குறை காண்பதற்கில்லை. ஆனால் நியதி தானாக வந்து ஊழியம் செய்வதில்லை. லேஸரும் கண்ணாடி இழையும் ஒளியுணர் கருவியும் கொண்டே அதை நாம் ஏவ வேண்டியிருக்கிறது என்பதைப் பின்வந்த சரித்திரம் ஓயாது உணர்த்திற்று. 1989-ல் நியூயார்க் மாகாணத்து ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில், ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சாவியை அனுப்பிய முதல் சோதனையிலேயே, துகளின் அதிர்வுத் திசையை மாற்றும் உயர் மின்னழுத்த சாதனம் திசைக்குத் திசை வெவ்வேறு ஓசை எழுப்பியமையால், காது கேளாத ஒற்றனிடமிருந்து மட்டுமே அது பத்திரமானது என்று பிராஸார்டே பின்னாளில் எழுதினார்.

அடுத்த குறை இன்னும் சூட்சுமமானது. ஒற்றைத் துகளுக்கு ஈடாக அனுப்பப்பட்ட மெலிந்த லேஸர் துடிப்புகள் சிலவற்றில் இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்துவிட, ஒன்றை மட்டும் ஒற்றன் சத்தமின்றிப் பறித்துக்கொள்ள வழி உண்டாயிற்று. அத்தகைய களவை அம்பலப்படுத்த இடையிடையே போலித் துடிப்புகளைக் கலந்தனுப்பும்படி 2003-ல் ஹ்வாங் என்னும் விஞ்ஞானி முன்மொழிந்த முறை அதற்குப் பரிகாரமாயிற்று.

2010-ல் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரத்து வாதிம் மக்கரோவும் அவருடைய சகாக்களும் செய்துகாட்டியதோ யாவரையும் திகைக்க வைத்தது. விற்பனைக்கே வந்துவிட்ட இரண்டு கருவிகளின் மீது பிரகாசமான ஒளியைப் பாய்ச்சி, ஒற்றைத் துகளைக் காணும் சக்தியை அவற்றின் ஒளியுணர் பகுதிகள் இழக்குமாறும், ஒற்றன் விரும்பியபோது மட்டும் துகள் வந்ததாக அறிவிக்குமாறும் அவர்கள் செய்துவிட்டனர். துகளின் நிலை குலைந்ததைக் காட்டும் பிழை விகிதம் ஏறாமையால் சாவியைப் பெற்றவருக்குச் சந்தேகம் எழவே இடமில்லை. மறு ஆண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 290 மீட்டர் இழைத்தொடரில் இம்முறையால் சாவி முழுவதும் களவாடிக் காட்டப்பட்டது.

தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் குறையை வெளியிட்ட இவ்விஞ்ஞானிகளை இத்துறையின் பகைவர் என எண்ணுவது பெருந்தவறு. ஒளியுணர் கருவிகளை ஒற்றன் வசமே ஒப்படைத்தாலும் சாவி கெடாத ஒரு முறையை டொரொன்டோவின் ஹோய்-க்வாங் லோ முதலியோர் 2012-ல் வகுத்ததற்குத் தூண்டுகோல் இத்தகைய சோதனைகளே. அம்முறையிலும், ஒளியை அனுப்பும் கருவி நம்பத்தக்கதாக இருந்தே தீரவேண்டும்.