சுவரை இழந்த சிற்பம்

கவிதைக்கு ஏடு மாறலாம். ஓலையிலிருந்து தாளுக்கும், ஒரு தொகுப்பிலிருந்து மற்றொன்றுக்கும் சென்று அது உயிர் வாழும். ஒரு கட்டடத்தின் உட்சுவருக்கென்றே அளவெடுத்து ஆக்கப்பெறும் சிற்பத்திற்கு அந்நிலை வாய்ப்பதில்லை. சுவரே அதன் ஏடு. புதுதில்லி விஞ்ஞான் பவனில் அமைந்திருந்த வெண்கலச் சிற்பத்தின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும்.

விஞ்ஞான் பவன் 1956இல் எழுப்பப்பெற்றது. நடுவணரசின் பன்னாட்டு மாநாட்டு மண்டபம் அது. அதன் முகப்புக் கூடத்துச் சுவரை அணிசெய்யும் பணியை 1957இல் அரசு, அமர்நாத் சேகல் என்னும் சிற்பியிடம் ஒப்படைத்தது. அவர் இன்றைய பாகிஸ்தானிலுள்ள கேம்ப்பெல்பூரில் 1922இல் பிறந்தவர். ஏறத்தாழ 140 அடி நீளமும் 40 அடி வீச்சும் உடைய அச்சிற்பத்தை முடிக்க அவருக்கு ஐந்தாண்டுகள் ஆயின. சிற்றூர் வாழ்வும் புதிய இந்தியாவின் வாழ்வும் அதில் இடம்பெற்றன.

1979இல் மண்டபம் புதுப்பிக்கப்பெற்றபோது அச்சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பண்டகசாலையில் போடப்பட்டது. ஆக்கியவருக்கு அறிவிப்பில்லை, அவரது இசைவும் பெறப்படவில்லை. முறையீடுகள் பயன் தாராமையால் 1992இல் அவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். விலை கொடுத்துப் பெற்ற பொருள் தனக்கே உரியது என்பது அரசின் வாதங்களுள் ஒன்று.

சேகலுக்குத் துணைநின்றது பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. அவர் பணியேற்ற அதே 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் அது. பதிப்புரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும் படைத்தவரிடம் இரண்டு உரிமைகள் எஞ்சும் என்பது அப்பிரிவின் சாரம். படைப்பு தம்முடையது என்று சொல்லும் உரிமை ஒன்று. தம் பெருமைக்கு ஊறு நேரும்படி அதனைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மற்றொன்று. 1986இல் இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தம் புதினத்தைத் திரைப்படமாக்கியோர் அதனைத் திரித்தனர் என்று வழக்காடியபோதும் இப்பிரிவே பேசப்பட்டது. ஆகவே இது சிற்பிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று.

வழக்கில் நுட்பமான வினா ஒன்று எழுந்தது. சிதைந்த படைப்பு காண்போர் கண்ணிற்பட்டால் படைத்தவர் பெருமை குன்றும். அடியோடு அழிந்து எவர் கண்ணிலும் படாத படைப்பால் பெருமை எங்ஙனம் குன்றும்? 2005 பிப்ரவரி 21 அன்று நீதியரசர் பிரதீப் நந்தரஜோக் இதற்கு விடை கண்டார். அழித்தல் என்பது சிதைத்தலின் உச்சநிலை. அது படைப்பாளியின் படைப்புத் தொகுதியையே குறைத்து அவர் பெருமைக்கு ஊறு செய்வது என்பது அவர் முடிபு. எஞ்சிய பகுதிகளைச் சேகலிடம் திரும்ப அளிக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அவர் ஆணையிட்டார். அப்போது சிற்பிக்கு அகவை 83. 2007இல் அவர் மறைந்தார்.

எனினும் இத்தீர்ப்பைக் கொண்டு நாம் முற்றும் மகிழ்தற்கில்லை. படைப்பைக் காட்சிக்கு வையாமை குற்றமாகாது என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் விளக்கம் கூறுகிறது. தில்லி பிரகதி மைதானத்து அனைத்துநாட்டு அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டபோது கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் இதே பிரிவின்கீழ் முறையிட்டார். நிலமும் கட்டடமும் உடையவரின் உரிமையே மேலோங்கும் என்று 2019இல் அதே உயர் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. அழித்தலும் சிதைத்தலே என்ற கொள்கை கட்டடத்தின்முன் நிற்கவில்லை.

ஆக, சேகலுக்குச் சட்டம் மீட்டுத் தந்தது வெண்கலத்தை; சுவரையன்று. சுவரின்றி அச்சிற்பம் முழுமை பெறாது. ஆயினும் பணம் கொடுத்தவர் பொருளைப் பெறலாமேயன்றி, ஆக்கியவரின் உறவை அறுத்தல் இயலாது என்னும் நெறி அவ்வழக்கால் நிலைபெற்றது. கைப்பொருள் பற்றாமல் தம் நூலின் உரிமையை விற்றுவிடும் கவிஞர் நம்மிடையே பலர். விற்றது எது, விற்க இயலாதது எது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பத்தாண்டு நிறைவுகாணும் நம் வட்டத்தார் இதனை நெஞ்சிற் கொள்வாராக.