அலுவலகத் தொலைபேசியை வீட்டோடு இணைத்தல்: சிங்கப்பூர்

நிறுவனத்தின் பிஏபிஎக்ஸ் இணைப்பகத்தையும், கிளை அலுவலகங்களையும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் இணையவழி அழைப்பால் ஒரே தொலைபேசி அமைப்பாகச் சேர்க்கும் ஏற்பாடு இது. சிராங்கூன் சாலை அலுவலகத்தின் எண்ணுக்கு ஒருவர் அழைத்தால், பிடோக்கில் வீவக வீட்டில் இருக்கும் ஊழியரின் கணினியில் மணி அடிக்கும். அவர் அந்த அழைப்பை மேலாளரின் கிளை எண்ணுக்கு மாற்றியும் விடலாம். அழைத்தவருக்கு எல்லாம் ஒரே அலுவலகம்தான்.

சிங்கப்பூருக்குத் தொலைபேசி வந்தது 1879இல். பென்னட் பெல் என்பவர் 50 இணைப்புகள் கொண்ட இணைப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, தொலைபேசி எண் என்றால் ஓரிடத்தில் போய் முடியும் ஒரு சோடிச் செப்புக்கம்பி. 2000 ஏப்ரலில் தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 2002 மார்ச்சில் கம்பிவழி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்தது. 2005இல் இணையத் தொலைபேசிக்கென 3இல் தொடங்கும் எண்களும் வந்தன. எண்ணுக்கும் கம்பிக்கும் இருந்த முடிச்சு இப்படித்தான் அவிழ்ந்தது.

இப்போது எண்ணுக்குரிய இடத்தைச் சொல்வது பதிவு. பிடோக் ஊழியரின் கணினியில் உள்ள செயலி, "கிளை எண் 214 இந்த இணைய முகவரியில் இருக்கிறது" என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பகத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். இதற்கான நெறிமுறை எஸ்ஐபி. இன்று புழங்கும் வடிவம் 2002இல் வெளியானது. அழைப்பை ஏற்படுத்துவதும் முடிப்பதும் அதன் வேலை. குரல் ஆர்டிபி என்ற வேறொரு நெறிமுறை வழியே தனியாகப் போகும். வழக்கமான ஜி.711 குறியாக்கத்தில் 20 மில்லிவினாடிப் பேச்சு 160 பைட் பொட்டலமாகிறது. வினாடிக்கு ஐம்பது பொட்டலம். தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும்.

இரண்டு அலுவலக இணைப்பகங்களை இணைக்க முன்பு மாத வாடகைக்குத் தனிக்கம்பி எடுக்கவேண்டியிருந்தது. இப்போது இணையத்தின் மேல் எஸ்ஐபி டிரங்க் என்னும் இணைப்பு ஒன்று போதும். தலைமை அலுவலகத்துக்கு 2இல் தொடங்கும் கிளை எண்கள், கிளை அலுவலகத்துக்கு 3இல் தொடங்குபவை என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டு இடத்திலும் 201 இருந்தால் பின்னால் பெருந்தலைவலி. ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்தமூல இணைப்பகம் பயன்படுத்துவோர், பல அழைப்புகளை ஒரே ஓடையில் சேர்த்தனுப்பும் ஐஏஎக்ஸ் நெறிமுறையாலும் இணைக்கலாம்.

வீட்டையும் அலுவலகத்தையும் இணைக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை, 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் புரிந்தது. அலுவலக அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிடுவது அவசரத்துக்கு உதவும். ஆனால் ஊழியர் திரும்ப அழைத்தால் அவருடைய சொந்த எண் வெளியே போய்விடும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கோருவது தொடர்பான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. வீட்டு வேலை நிலைத்துவிட்ட நிலையில், ஊழியரின் சொந்த எண்ணைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்றே கொள்ளவேண்டும்.

குரல் கெடுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஃபைபர் வாசல்வரை நன்றாக இருக்கும். ரவுட்டரிலிருந்து படுக்கையறைக்கு வரும் வைஃபைதான் தடுமாறும். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் உள்ள புகலறையின் தடித்த கான்கிரீட் சுவர் அலைகளை வெகுவாகத் தடுக்கிறது. கணினிக்கு ஒரு கேபிள் இழுத்தாலே பாதிக் குறை தீரும். நம் குரல் போய், எதிர்க்குரல் வராவிட்டால் பழி பெரும்பாலும் ரவுட்டரின் முகவரி மாற்றத்தின்மேல். அலுவலக இணைய எல்லையில் எஸ்பிசி என்ற அழைப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தால் இந்தக் குறை சீராகும். இணைப்பகத்தின் 5060 வாயிலை இணையத்துக்கு வெறுமனே திறந்துவைக்கக் கூடாது. கடவுச்சொல்லைத் தேடி அலையும் நிரல்கள் நுழைந்துவிட்டால், ஒரே இரவில் வெளிநாட்டுக் கட்டணம் குவிந்துவிடும்.

செப்புக்கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகமே 48 வோல்ட் மின்சாரம் தந்தது. இணையத் தொலைபேசி வீட்டில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். 2024 அக்டோபர் 8இல் சிங்டெல் கம்பிவழிச் சேவை தடைப்பட்டபோது 995, 999 ஆகிய அவசர எண்களை அழைப்பதிலும் சிக்கல் ஏற்பட்டது. மேலும், அலுவலக எண்ணின் பதிவில் இருப்பது வீட்டு முகவரி அன்று, அலுவலக முகவரி. பிடோக் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் 995ஐக் கைப்பேசியில் அழைத்து, புளோக் எண்ணையும் மாடியையும் வாயால் சொல்லவேண்டும்.