தோல், காலணித் தொழில்: எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் தோல் தொழிலை நம்பியிருக்கும் நம் குடும்பங்கள் ஏராளம். கம்பெனியில் வேலை பார்த்தே தொழில் கற்றவர்கள் பலர், கை தேர்ந்திருந்தும் ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சான்றிதழ் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் வெவ்வேறு தொழில்கள், படிப்பும் வேறு. இது தெரியாமல் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது.

பதனிடுதல் பெரும்பாலும் வேதியியல்தான். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குவது முதல் குரோம் ஏற்றுவது, சாயமிடுவது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது வரை எல்லாமே ரசாயனக் கணக்கு. பிளஸ் 2 வேதியியலில் தேறியவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக் தோல் தொழில்நுட்பம் ஏற்றது. 1948-இல் தொடங்கிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையும் இதற்கு உண்டு. டிப்ளமோ போதும் என்பவர்களுக்குத் தரமணியில் தோல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

காலணிக்கு, கிண்டி மத்திய காலணி பயிற்சி நிறுவனம். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 2 ஆண்டு டிப்ளமோ. குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. இதில் பேட்டர்ன் போடுவதை அவசியம் கற்க வேண்டும். ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும் என்பது பேட்டர்ன் போடுபவரின் கணக்கில் இருக்கிறது. முதலாளியின் லாபமும் அங்கேதான்.

ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவை நிறைத்திருப்பவர்கள் நம் பெண்கள். மெஷினோடு நின்றுவிடாமல் அவர்களையும் இதைப் படிக்க வைக்கலாம். சென்னையில் தங்க வேண்டியிருப்பதால் விடுதி வசதியை முதலில் விசாரியுங்கள். கட்டணத்துக்குத் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் உண்டு. விண்ணப்பம் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.