பள்ளிமணியும் செபமணியும்: கத்தோலிக்கப் பள்ளியின் நாளொழுங்கில் வழிபாடு பெற்ற இடம்

மாதேஸ்வரன் மலைக்காடுகளை ஒட்டிய ராமாபுரம், 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அவ்வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 1997 இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது ராமாபுரம் புதிய மாவட்டத்திற்குள் சென்றது. தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்நிலம், திருச்சபையின் நிர்வாகத்தில் 1940 இல் நிறுவப்பட்ட மைசூர் மறைமாவட்டத்தைச் சார்ந்தது. அரசின் எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதும், இப்பகுதி உள்ளிட்ட தென்னிந்தியக் கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு வினா மாறவில்லை. காலைக் கூட்டத்தில் செபம் தொடங்கும்போது, அச்சமயத்தைச் சாராத மாணவர் என்ன செய்ய வேண்டும்?

இவ்வினாவின் வேர் பள்ளி என்னும் அமைப்பைவிடப் பழையது. 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோர் துணையுடன் அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருக்களில் சென்று சிறுவர்களைத் திரட்டியதையும், கற்ற செபங்களை அவர்கள் தம் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்குமாறு பணித்ததையும் அவருடைய 1544 ஆம் ஆண்டுக் கடிதம் விவரிக்கிறது. அங்கே மணி அழைத்தது செபத்திற்கு. அதுவே பாடத்திற்கான அழைப்புமாகும். 1578 இல் கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அச்சேற்றிய பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ செபங்களையும் மறைக் கோட்பாடுகளையும் கொண்ட சிறுநூல். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் ஒரு ஞானோபதேச நூலாக அமைந்தது தற்செயலன்று. செபம் கற்பிக்கும் தேவையே அச்சையும் பள்ளியையும் முன்னகர்த்தியது. மைசூர் நாட்டில் 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயேசு சபையினர் சீரங்கப்பட்டணத்தில் பணி தொடங்கியபோதும், உள்நாட்டு மொழியில் மறைக்கல்வி வழங்குவதே அவர்களின் முதன்மை நாட்டமாயிற்று.

1854 ஆம் ஆண்டின் வுட் அறிக்கை இவ்வமைப்பின் பொருளாதார அடித்தளத்தை மாற்றியது. சமயப் பள்ளிகளுக்கும் அரசு மானியம் கிட்டியது. ஆனால் மானியம் உலகியல் கல்விக்கு மட்டுமே உரியது; பள்ளியில் கற்பிக்கப்படும் சமயக் கோட்பாட்டை ஆய்வாளர் கருத்தில் கொள்ளலாகாது. இதன் விளைவு கால அட்டவணையில் வெளிப்பட்டது. கணக்கும் இலக்கணமும் ஆய்வுக்குரிய நேரங்களாயின. செபமும் ஞானோபதேசமும் அவற்றின் ஓரங்களுக்கு நகர்ந்தன. வகுப்பின் தொடக்கச் செபம், நண்பகல் மூவேளைச் செபம், உணவுக்கு முன் நன்றிச் செபம், விடுதிகளில் மாலைச் செபமாலை ஆகியன நாளின் இணைப்புகளில் நின்றன. முன்பு பள்ளி முழுவதுமாக இருந்த செபம், இப்போது பாடவேளைகளுக்கு இடையே ஒலித்தது.

ஓரத்திற்குச் சென்ற செபம் வலுவிழந்ததாகக் கொள்வதற்கில்லை. பாடத்தில் தவறுவோர் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். கூட்டத்தில் வாய் திறவாது நிற்பவரோ உடனே கண்ணில் படுவர். அரசு நிதி பெறும் பள்ளியில் பிற சமயத்துப் பிள்ளை மறைக்கல்விக்குக் கட்டாயப்படுத்தப்படலாமா என்னும் கேள்வி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பெற்றோர் விரும்பாவிடில் விலக்களிக்கும் ‘மனச்சான்று விதி’ வேண்டுமென வி. எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றோர் வாதிட்டனர். அண்மையில் வேறு பள்ளி இல்லாத ஊரில், விலக்கு இல்லாத சேர்க்கை உண்மையான விருப்பம் ஆகாது என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலை. சமயக் கல்வியே தம் பள்ளியின் காரணம், அதை நீக்கினால் பள்ளி எதற்கு என்பது மறைப்பணியாளர் பலரின் எதிர்வாதம். இரு தரப்பிலும் நேர்மை இருந்தது.

அரசமைப்பு அவை 1948 டிசம்பரில் இதற்கு வழி கண்டது. இன்றைய 28 ஆம் உறுப்பின்படி, முழுதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் பிற பள்ளியில் அது நடைபெறலாம். ஆயினும் ஒருவரது ஒப்புதலின்றி, சிறார் எனில் காப்பாளரது ஒப்புதலின்றி, எவரையும் அதில் பங்குகொள்ளப் பணிக்கலாகாது. இவ்வுறுப்பு சமயப் போதனையையும் சமய வழிபாட்டையும் தனித்தனியே பெயர் சுட்டுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்க மாணவர்க்கு ஞானோபதேசம், ஏனையோர்க்கு நீதிபோதனை என வகுப்பைப் பிரித்துப் போதனைச் சிக்கலை எளிதில் தீர்த்துவிடலாம். அனைவரும் ஒருங்கே நிற்கும் காலைக் கூட்டத்தை அவ்வாறு பிரிக்க இயலாது. சட்டம் இரண்டையும் சுட்டியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

திருச்சபையின் உள்ளிருந்தும் மாற்றம் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, சமயத்தில் எவரையும் வற்புறுத்துதல் மனித மாண்புக்கு முரணானது என்றது. அதே சங்கத்தின் சீர்திருத்தத்தால் இலத்தீன் பூசை தமிழுக்கு வந்தது. ‘சர்வேசுரன்’ ‘இறைவன்’ ஆனார். ‘அர்ச்சியசிஷ்டர்’ ‘புனிதர்’ ஆயினர். இம்மொழிமாற்றத்திற்கு எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. பழைய சொற்கள் பிற சமயத்து மாணவர்க்கு அயலாக ஒலித்தன. ‘இறைவா’ என்னும் விளி எவர்க்கும் அயலன்று. செபம் பொதுவாகத் தோன்றத் தோன்ற, அதில் பங்குகொள்ளாது விலகி நிற்பது மேலும் கடினமாயிற்று என்றும் கருத இடமுண்டு.

1986 இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கையின் பொருட்டுப் பாடாதிருந்த மாணவர்களை நீக்கியது செல்லாது என்றது. வழக்கு செபம் பற்றியதன்று. எனினும், எழுந்து நிற்றலும் வாய் திறத்தலும் வெவ்வேறு செயல்கள் என அது நிறுவிய வேறுபாடு காலைக் கூட்டத்திற்கும் பொருந்துவதாகும். 2024 இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழங்கிய நெறிமுறைகள், பிற சமயத்து மாணவர் மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்கலாகாது என்றும், கூட்டத்தில் அரசமைப்பின் முகவுரையை நாளும் வாசிக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறின.

சேவியரின் மணி முதல் முகவுரை வாசிப்பு வரையிலான இவ்வரலாற்றில் செபம் பள்ளியை விட்டு நீங்கவில்லை. அதன் மீதான உரிமை மட்டும் கைமாறி வந்துள்ளது. முதலில் அது மறைப்பணியாளரிடமும், பின்னர் அரசின் மானிய விதியிடமும், அதன்பின் சட்டத்தில் பெற்றோரிடமும் இருந்தது. காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளையின் கைக்கு அது எப்போது, எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது சட்டநூல்களில் கிட்டாத விடை. பள்ளிகளின் நாளேடுகளிலும் முன்னாள் மாணவர் நினைவுகளிலும் அதைத் தேடுதல் கல்வி வரலாற்றாய்வின் முன்னுள்ள பணியாகும்.