கையின் விலை கூலியில் அடக்கமா?

சக்கரம் சுழல்கிறது, கை சிக்குகிறது. விரல் போகிறது, வேலை போகிறது, வீட்டில் அடுப்பும் அணைகிறது. யார் பொறுப்பு? "எல்லாம் விதி!" என்பர், எண்ணிப் பார்க்க மறுப்போர். ஒரு காலத்தில் நீதிமன்றங்களும் விதி என்றுதான் கூறின. ஆனால், தோழர்களே, அது ஆண்டவன் எழுதிய விதியன்று. நீதிபதிகள் எழுதிய விதி!

1837 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். தண்டவாளப் பிரிவைச் சரிவரத் திருப்பி வைக்கத் தவறினான் புகைவண்டிக் கம்பெனியின் ஊழியன் ஒருவன். வண்டி தடம் புரண்டது. இயந்திர ஓட்டியின் கைமீது சக்கரம் ஏறியது. நாளொன்றுக்கு 2 டாலர் கூலி பெற்ற அவன், ஈடு கேட்டு வழக்காடினான். 1842 இல் தலைமை நீதிபதி லெமுவல் ஷா அளித்த தீர்ப்பு யாது? ஆபத்துள்ள வேலை என்று அறிந்தே ஏற்றான். ஆபத்துக்கான விலை கூலியிலேயே அடங்கிவிட்டது. தவறியவன் உடன் ஊழியன். ஆகவே கம்பெனி பொறுப்பன்று!

அதே வண்டியில் பயணச்சீட்டு வாங்கி ஏறியவனின் கை நசுங்கியிருந்தால், கம்பெனி ஈடு தந்தாக வேண்டும். பயணிக்கு ஒரு நீதி, வண்டியை ஓட்டியவனுக்கு ஒரு நீதி!

ஒப்பந்தம் என்றனர். ஒருபுறம் செல்வம், மறுபுறம் பசி. அந்தப் பசி போட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்றனர்!

இங்கிலாந்திலும் 1837 இலேயே இக்கொள்கை வேரூன்றியது. பெண்டிரும் சிறுவரும் உழைத்த ஆலைகளில் இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி வேண்டும் என்றது 1844 ஆம் ஆண்டுச் சட்டம். வேலியை எதிர்த்து 1855 இல் சங்கம் கண்டனர் ஆலை முதலாளிகள். மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்திற்று. உயிர் காக்கும் வேலி அவர்கட்கு வீண் செலவு!

எனினும் கோட்டை இடிந்தது. தலைக்கு மேல் கற்களைத் தூக்கிச் சென்ற பாரந்தூக்கியின் கீழ் உழைத்தவன் அடிபட்ட வழக்கில், ஆபத்தை அறிந்திருத்தல் வேறு, அதற்கு இசைதல் வேறு என 1891 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தவறு எவருடையது என்று தேடாமலே ஈடு தரும் முறையை 1884 இல் ஜெர்மனியும், 1897 இல் பிரிட்டனும் சட்டமாக்கின. உடன் ஊழியன் தவறு எனும் சாக்கு பிரிட்டனில் 1948 இல்தான் ஒழிந்தது. நூற்றுப் பதினோராண்டுப் போராட்டம்!

இந்தியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923 இல் பிறந்தது. 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒரு சிறு வாயில் வைத்தனர்: பாதுகாப்புத் தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியிருந்தால், முதலாளி தப்பலாம்.

அந்த வாயிலில்தான் விழிப்போடு நிற்க வேண்டும் இளைஞர்கள். தடுப்பை அகற்றியது எவர் கை என்பது மட்டுமா கேள்வி? வேகம் வேண்டும் என்று விரட்டியது எவர் வாய்? அதையும் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான், மாற்ற முடியாதது என்ற விதி மாறியது!